மறு: நுண்கணிதத்துக்கு (கால்குலஸ்) முந்தைய பாடத்துக்கு என்ன பெயர்?

கணக்கு ஆசிரியை, ரோஸ் ஹில், மொரீசியஸ்:
வணக்கம். காவடிக்கு முன்னால் கையேடு அச்சுக்குப் போயாக வேண்டும், அட்டைக்குப் பெயர் இல்லை. உள்ளே பின்னம், காரணிப்படுத்தல், சார்பு, முக்கோணவியல், அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகள் இதில்தான் விழுகிறார்கள். (3+4)² எவ்வளவு என்றால் 49 என்று சரியாகச் சொல்லும் பிள்ளை, எண் இருந்த இடத்தில் எழுத்து வந்ததும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டிவிடுகிறது. அப்படிப் பார்த்தால் 9+16, 25 தானே? அப்புறம் நுண்கணிதத்தில் எல்லை (லிமிட்) கண்டு வகைக்கெழு (டெரிவேட்டிவ்) எடுக்கச் சொன்னால் விரித்தெழுதும் முதல் வரியிலேயே கணக்கு போய்விடுகிறது. 'முன்நுண்கணிதம்' என்று போடட்டுமா?

தமிழாசிரியர், போர்ட் லூயிஸ்:
அம்மா, முன்+நிலை முன்னிலை ஆவதுபோல் இது முன்னுண்கணிதம் என்றுதான் புணரும். முன்+உண் என்று பிரித்தால் வினைத்தொகையாகி, சாப்பாட்டுக் கணக்காகிவிடும். புணராமல் எழுதுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். 'பாயிரக் கணிதம்' என்று வையுங்கள், பாயிரம் என்றால் நூலின் முகவுரை. "ஆயிர முகத்தான் அகன்ற தாயினும் பாயிரம் இல்லது பனுவல் அன்றே" என்கிறது நன்னூல். சிறப்புப் பாயிரம் சொல்லும் எட்டில் 'எல்லை'யும் ஒன்று, நுண்கணிதம் தொடங்குவதும் எல்லையில்தான், இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? 1998இல் ரூபாய் நோட்டில் தமிழைப் பின்னுக்குத் தள்ளியபோது எதிர்த்து நின்று, அந்த நோட்டையே திரும்பப் பெற வைத்த ஊர் இது. ஒரு நல்ல சொல்லுக்கு இடமில்லையா?

ஒரு பெற்றோர், காத்ர் போர்ன்:
ஐயா, வீட்டில் கிரியோல், பள்ளியில் இங்கிலீஷும் பிரெஞ்சும். பாயிரம் என்றால் என் மகளுக்கு முதலில் அதற்கே ஒரு பாடம் நடத்த வேண்டும். 'நுண்கணித அடிப்படை' போதும்.

கணக்கு ஆசிரியை:
அது நுண்கணிதத்தின் அடிப்படை என்றல்லவா படும்? உள்ளே நுண்கணிதமே கிடையாது. ஐயா, பாயிரத்தோடும் எனக்கு ஒரு சிக்கல். அது நூலைப் பற்றிச் சொல்வது, படித்தால் போதும். இது கையால் போட்டுப் போட்டுப் பழக வேண்டியது. பொதுப் பகுதி கண்டு இரண்டு பின்னங்களைக் கழிக்கத் தெரியாதவனை எந்த முகவுரையும் காப்பாற்றாது. நான்காம் வேற்றுமையைப் பிடித்துக்கொள்வோம்: 'நுண்கணிதத்துக்கு முன்'. மற்ற மூன்று பேரும் சரி என்று எழுதிவிட்டார்கள், நாளைக்கு அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

தமிழாசிரியர்:
அது தொடர், கலைச்சொல் அல்ல. அட்டையில் போடுங்கள், தடுக்கவில்லை. சொல்லடைவில் மட்டும் 'பாயிரக் கணிதம்' இருக்கட்டும். நுண்கணிதத்துக்கு 'நுண்' எப்படி வந்தது என்று தனி மடலில் எழுதுகிறேன்.