மறுமொழி: ஹைப்போமினரலைசேஷனுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பல்லின் மேலுறையில் கனிமம் போதாமல் ஏறுவதைக் குறிக்கும் ஹைப்போமினரலைசேஷன் என்ற சொல்லுக்குத் தமிழ் என்ன என்று போன வாரம் கேட்டிருந்தேன்; இத்தனை பேர் பதில் எழுதியிருக்கிறீர்கள். மிக்க நன்றி. எல்லா மடல்களையும் இரண்டு முறை படித்தேன். இந்தச் சொல் எனக்கு ஏன் அவசரமாக வேண்டும் என்பதை முதல் மடலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

தொண்டையார்பேட்டையில் குழந்தைகளுக்குப் பல் பார்க்கிறேன். காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா தன் எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஏதோ ஒரு பல் முகாமில் கொடுத்த சீட்டு. "சொத்தை 2. இனிப்பைக் குறைக்கவும்" என்று எழுதியிருந்தது. அந்தச் சீட்டால் வீட்டில் பெரிய சண்டை நடந்திருக்கிறது. "நான் இன்னா பண்ணேன் டாக்டரம்மா? மிட்டாய் கூட வாங்கிக் குடுக்கறதில்ல" என்று கண் கலங்கினார்.

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பால் பற்களில் ஒன்றில் கூடச் சொத்தை இல்லை. ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பற்கள் இரண்டில் மட்டும் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டு. திட்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கோடு போட்டதுபோல் தெரிந்தது. ஒரு பல்லின் மேட்டு முனை உடைந்து, விளிம்பு கூராக நின்றது. சொத்தை பெரும்பாலும் குழிவிலும் பல்லிடுக்கிலும்தான் தொடங்கும். தேய்த்தாலே சுத்தமாகிவிடும் மேட்டு முனையில் அது தொடங்குவது அபூர்வம். மேல் முன்பல் ஒன்றிலும் அதே மாதிரி வெள்ளைத் திட்டு. காற்று லேசாகப் பட்டதற்கே பிள்ளை துள்ளிவிட்டாள். பஞ்சால் ஒற்றித்தான் பார்க்க முடிந்தது. ஜில்லென்று தண்ணீர் குடிப்பதில்லை, அந்தப் பக்கம் பிரஷ் வைக்க விடுவதில்லை என்று அம்மா சொன்னார்.

இதைத்தான் எம்.ஐ.எச். (மோலார் இன்சைசர் ஹைப்போமினரலைசேஷன்) என்கிறோம். கடைவாய்ப்பல்லையும் வெட்டுப்பல்லையும் சேர்த்துத் தாக்கும் ஹைப்போமினரலைசேஷன். ஆங்கிலத்திலேயே இந்தப் பெயர் 2001இல்தான் வந்தது. 2003இல் ஏதென்ஸில் கூடிய ஐரோப்பியக் குழந்தைப் பல் மருத்துவர்கள், எதை இந்தப் பெயரில் சேர்ப்பது என்று அளவுகோல் வகுத்தார்கள்; எட்டு வயதில் பார்ப்பது நல்லது என்றும் சொன்னார்கள். அதற்கு முன்பே நெதர்லாந்தில் இதைப் பாலாடைக்கட்டிப் பல் என்று சொல்லிவந்தார்கள். அவர்கள் வீட்டில் இருக்கும் பொருளை வைத்து அவர்கள் சொன்னார்கள்.

பல்லின் மேலுறையான பற்சிப்பி (எனாமல்) இரண்டு கட்டமாக உருவாகிறது. முதலில் புரதத்தால் ஒரு சட்டம் முழுப் பருமனுக்கு எழும். அப்புறம் அந்தப் புரதம் வெளியேறி, அந்த இடத்தில் கனிமம் ஏறி இறுகும். முற்றிய பற்சிப்பியில் எடைக்கு 96 சதவீதம் கனிமம்தான். முதல் கட்டத்தில் கோளாறு வந்தால் பற்சிப்பி மெலிந்தோ குழி விழுந்தோ இருக்கும், அது ஹைப்போபிளேசியா. இரண்டாம் கட்டத்தில் வந்தால் பருமன் முழுதாக இருக்கும், உறுதி இருக்காது. நம் சொல் இந்த இரண்டாவதைக் காட்ட வேண்டும்.

இதை அந்த அம்மாவிடம் என்னால் முடிந்த அளவு எளிதாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஓடு கயட்டுன நண்டு மாதிரின்றீங்க. சைஸு இருக்கும், அமுக்குனா உள்ள போவும்" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பழைய ஓட்டைக் கழற்றிய நண்டுக்குப் புது ஓடு முழு அளவில்தான் இருக்கும். சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகும்வரை மெத்தென்று இருக்கும். இதைவிடச் சரியான உவமையை எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. நண்டு பிறகு இறுகிவிடும். பல்லுக்கு அந்த வாய்ப்பு இல்லை, ஏனென்றால் பற்சிப்பியைச் செய்யும் செல்கள் பல் வெளியே வருவதற்குள் அழிந்துவிடுகின்றன.

இனி உங்கள் பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> தாதுக்குறை என்றால் சுருக்கமாக இருக்குமே.

சுருக்கம்தான், ஐயா. ஆனால் எங்கள் பகுதிச் சுவர்களில் "தாது" என்ற சொல் எந்த மருந்துக்காக ஒட்டப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எட்டு வயதுப் பிள்ளையின் சீட்டில் அதை என்னால் எழுத முடியாது.

> கனிமக் குறைபாடு – பாடநூல் வழக்குக்குப் பொருந்தும்.

பொருந்தும். ஆனால் "குறைபாடு" என்று பார்த்ததும் பெற்றோர் மருந்துக்கடைக்குப் போய்க் கால்சியம் டானிக் வாங்குவார்கள். இரும்புச்சத்துக் குறைபாடு என்று கேட்டுப் பழகிய காது அது. வெளிவந்துவிட்ட பல்லின் பற்சிப்பியை டானிக் இறுக்காது. நோயைச் சரியாகச் சொல்லி மருந்தைத் தவறாகக் காட்டும் சொல் நமக்கு வேண்டாம்.

> வலுவிழந்த மிளிரி

பற்சிப்பிக்கு இன்னொரு பெயரான மிளிரி எனக்குப் பிடித்த சொல். ஆனால் "இழந்த" என்றால் முன்பு இருந்தது என்று பொருள். இந்தப் பல்லுக்கு வலு வரவே இல்லை. இருந்த வலுவை இழப்பது சொத்தைப் பல்தான்.

என் முதல் மடலில் "இறுகாமை" என்று எழுதியிருந்தேன். அது முற்றிலும் இறுகாததைத்தான் குறிக்கும், ஹைப்போ என்பதில் உள்ள "போதாமல்" என்ற பொருள் வராது என்று நம் குழுமத்து அம்மா ஒருவர் சுட்டிக்காட்டியிருந்தார். முழுக்க ஒத்துக்கொள்கிறேன். அவர் சொன்ன குறைப்பிரசவம், குறைவளர்ச்சி வரிசையிலேயே வைத்துக் "குறையிறுகல்" என்கிறேன். ஹைப்போபிளேசியாவுக்குக் குறைவளர்ச்சி இருக்கிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது வேறுபாடு தானே விளங்கிவிடும்.

"இறுகு" என்ற வேரை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இன்னொரு காரணம், அது குடும்பத்தோடு வருகிறது. கனிமம் ஏறுவது இறுகல். சொத்தையில் அமிலம் கனிமத்தைக் கரைப்பது இளகல். ஃபுளோரைடும் உமிழ்நீரும் மேற்பரப்பில் ஓரளவு சரிசெய்வது மீளிறுகல். இறுகல், இளகல் இரண்டும் வடசென்னையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லாத சொற்கள். அகராதி பார்க்காமல் ஒரு முழுப் பாடத்தையும் இவற்றை வைத்தே நடத்திவிடலாம்.

திட்டுக்கும் பெயர் வேண்டும். எம்.ஐ.எச். திட்டுக்குத் தெளிவான எல்லை உண்டு. தருமபுரிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் பார்க்கும், தண்ணீரில் ஃபுளோரைடு மிகுவதால் வரும் கறை எல்லையில்லாமல் பரவி, இடம் வலம் இரண்டு பக்கமும் ஒத்திருக்கும். எம்.ஐ.எச். ஒரு பக்கம் கடுமையாகவும் மறுபக்கம் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். "வரம்புத் திட்டு", "படர்திட்டு" என்று எழுதிப் பார்த்தேன். இதற்கு உங்கள் கருத்து வேண்டும்.

பெயர் மாறினால் வைத்தியமும் மாறும் என்பதால்தான் இவ்வளவு மன்றாடுகிறேன். சொத்தை என்று நினைத்து அடைத்தால், அடைப்பைச் சுற்றியுள்ள மெத்தென்ற பற்சிப்பி உடைந்து அடைப்பு விழுந்துவிடும். மரத்துப்போகும் ஊசியும் இந்தப் பல்லில் சரியாகப் பிடிக்காது. பிள்ளை பொய்யாக அழுகிறாள் என்று திட்டு வாங்குவாள். லேசாக இருந்தால் ஃபுளோரைடு வார்னிஷ், குழிவை மூடும் பூச்சு. உடைந்திருந்தால் ஸ்டீல் கேப். மிக மோசமென்றால், எக்ஸ்ரே எடுத்து அடுத்த கடைவாய்ப்பல்லின் வேர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, கெட்ட பல்லை எட்டிலிருந்து பத்து வயதுக்குள் பிடுங்கிவிட்டால், பின்னால் வரும் பல் முன்னே நகர்ந்து அந்த இடத்தை நிரப்பிவிட வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பருவம் தவறினால் இடைவெளிதான். ஆறு வயதுப் பல் எந்தப் பால் பல்லும் விழாமல் பின்னால் முளைப்பதால், அதையும் பால் பல் என்றே பலர் நினைக்கிறார்கள். நாள் போவது அதனாலும்தான்.

காரணம் கேட்டவர்களுக்கு: இதற்கு ஒரே காரணம் என்று எதுவும் நிறுவப்படவில்லை. இந்தக் கடைவாய்ப்பல் இறுகுவது பிறப்பையொட்டித் தொடங்கி மூன்று வயதுக்குள் முடிகிறது. அந்தக் காலத்து நோய், காய்ச்சல், மரபு எல்லாம் சேர்ந்திருக்கலாம். அம்மா வாங்கித் தராத மிட்டாய்க்கு இதில் பங்கு இல்லை.

அந்தப் பிள்ளைக்கு ஒரு பல்லில் கேப் போட்டாயிற்று, இன்னொன்றுக்கு வார்னிஷ் நடக்கிறது. பெற்றோருக்குக் கொடுக்க அட்டை ஒன்று மண்ணடியில் அச்சுக்குப் போகிறது. அதில் இப்படி எழுதியிருக்கிறேன்:

"உங்கள் பிள்ளைக்கு இருப்பது குறையிறுகல். பல் உருவாகும்போதே சரியாக இறுகவில்லை. இது சொத்தை இல்லை. இனிப்பால் வந்ததும் இல்லை. ஆனால் இந்தப் பல்லில் சொத்தை சீக்கிரம் பிடிக்கும் என்பதால் ஆறு மாதத்துக்குக் காத்திருக்காமல், சொன்ன தேதிக்கு வாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்கவும்."

சந்தி, சொல், எதில் பிழை இருந்தாலும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.