உயர்நிலைப் பள்ளி புதுப்பிப்பில் செலவு எகிறுகிறது: முதலில் எதை வெட்ட வேண்டும்?

கேள்வி: பாஸ்டன் மேற்கு

வணக்கம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு மேற்கே ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். 1960களில் கட்டப்பட்ட எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியைப் புதுப்பிப்பதற்காகக் கூடுதல் சொத்து வரி செலுத்த ஊர் மக்கள் வாக்களித்துச் சம்மதித்தோம். கூரை ஒழுகுகிறது, வகுப்பறைகளில் காற்றோட்டம் போதவில்லை, அறிவியல் ஆய்வகங்கள் மிகவும் பழையவை என்பவையே அப்போது எங்களிடம் சொல்லப்பட்ட காரணங்கள்.

இப்போது வேலை பாதியில் நிற்கிறது. ஒப்பந்தப் புள்ளிகள் மதிப்பீட்டைத் தாண்டிவிட்டன. சுவர்களைத் திறந்தபோது நுரையீரலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் இழைப் பொருள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருப்பதும் தெரியவந்தது. செலவைக் குறைக்கக் கட்டடக் குழு வெளியிட்ட பட்டியலில், பழைய வகுப்பறைப் பகுதியின் காற்றோட்டக் கருவிகளை மாற்றும் பணி பிற்பாட்டுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. இரண்டு ஆய்வகங்கள் இருந்தபடியே விடப்படுகின்றன. கலையரங்கத்திலும் செயற்கைப் புல் மைதானத்திலும் யாரும் கை வைக்கவில்லை. இதே நேரத்தில், அடுத்த ஆண்டு நிதி பற்றாததால் நூலகர் பணியிடமும் ஒரு மாணவர் ஆலோசகர் பணியிடமும் நீக்கப்படுகின்றன என்று பெற்றோருக்குக் கடிதம் வந்திருக்கிறது.

கட்டடத்துக்குக் கோடிக்கணக்கில் பணம் இருக்கும்போது ஆளுக்குப் பணம் இல்லை என்பது எப்படி? பொதுக்கூட்டத்தில் பேச ஒருவருக்கு மூன்று நிமிடம்தான் தருவார்கள். அதில் எதைக் கேட்டால் பயன் இருக்கும்?

பதில்: வரவு செலவு

எங்கள் ஊரின் நிதிக் குழுவில் சில காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கடைசிக் கேள்வியை அப்படியே கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்லி உட்கார வைத்துவிடுவார்கள். 1980இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய இரண்டரை சதவீதச் சட்டப்படி, ஊர் வசூலிக்கும் மொத்தச் சொத்து வரி, புதிய கட்டுமானங்களால் வருவதைத் தவிர்த்து, ஆண்டுக்கு இரண்டரை சதவீதத்துக்கு மேல் உயரக்கூடாது. அந்த வரம்பை மீற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குறிப்பிட்ட ஒரு கடனை அடைத்து முடிக்கும் வரை மட்டும் கூடுதலாக வசூலிக்கும் தற்காலிக விலக்கு. நீங்கள் வாக்களித்தது அதற்குத்தான். மற்றொன்று, சம்பளம் போன்ற அன்றாடச் செலவுகளுக்காக வரம்பையே நிரந்தரமாக உயர்த்துவது. அதற்குத் தனி வாக்கெடுப்பு வேண்டும். கட்டடக் கடனில் பெற்ற பணத்தை நூலகர் சம்பளத்துக்குத் திருப்பிவிட முடியாது.

ஆனால் இந்த விளக்கத்தோடு கதை முடிந்துவிடுவதாகப் பள்ளி நிர்வாகங்கள் காட்டிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. கட்டி முடித்த பிறகு அந்தக் கலையரங்கத்தைக் குளிரூட்டவும், சுத்தம் செய்யவும், ஒளி ஒலிக் கருவிகளைப் பராமரிக்கவும் ஆகும் செலவு எந்தக் கணக்கிலிருந்து வரும்? சம்பளம் கொடுக்கும் அதே கணக்கிலிருந்துதான். ஆகவே, பட்டியலில் தப்பிய ஒவ்வொன்றுக்கும் ஆண்டு நடப்புச் செலவு என்ன என்று கேளுங்கள். எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

மாநில உதவியைப் பற்றியும் கேட்க வேண்டும். 2004இல் அமைக்கப்பட்ட மாநிலப் பள்ளிக் கட்டட ஆணையம், விற்பனை வரியின் ஒரு பங்கைக் கொண்டு ஊர்களின் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. நீச்சல் குளம், பனிச்சறுக்கு அரங்கு போன்றவற்றுக்கு அது உதவுவதில்லை. அதைவிட முக்கியமானது, உதவித் தொகைக்கு உச்சவரம்பு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. அதற்கு மேல் ஏறும் செலவு ஊரின் தலையில்தான் விழும்.

பணியிடங்கள் போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். கோவிட் காலத்தில் மத்திய அரசு பள்ளிகளுக்குக் கொடுத்த நிதியின் கடைசித் தவணையை 2024 செப்டம்பர் 30க்குள் ஒதுக்கியாக வேண்டியிருந்தது. அதை நம்பி ஆள் சேர்த்த பள்ளி மாவட்டங்கள் (ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகள்) பலவும் இப்போது தவிக்கின்றன.

பதில்: குழாயும் காற்றும்

கட்டடங்களின் காற்றோட்டம்தான் என் தொழில். அந்தப் பட்டியலின் வரிசை தலைகீழாக இருக்கிறது என்று தயங்காமல் சொல்வேன்.

1960களின் வகுப்பறைகளில் ஜன்னலுக்கு அடியில் ஒரு நீளமான இரும்புப் பெட்டி இருக்கும். வெளிக் காற்றை இழுத்துச் சூடாக்கி உள்ளே விடுவது அதன் வேலை. அது போடுகிற இரைச்சலில் பாடம் நடத்த முடியாமல் ஆசிரியர்கள் அதை அணைத்துவிடுவார்கள். நாளடைவில் அதன் கம்பிவலை மீது புத்தகங்கள் அடுக்கப்பட்டு, காற்று வரும் வழியே அடைந்துபோகும். குளிர்காலத்தில் ஜன்னலையும் திறக்க முடியாது. மதியத்துக்குள் பிள்ளைகள் சோர்ந்து தூங்கி வழிவதற்குப் பாடத்தை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. இது உங்கள் ஊரின் பிரச்சினை மட்டுமல்ல. குறைந்தது பாதிப் பள்ளிகளில் வெப்பமூட்டும், காற்றோட்ட, குளிரூட்டும் அமைப்புகளை மாற்றவோ மேம்படுத்தவோ வேண்டிய நிலையில் நாட்டின் 41 சதவீதப் பள்ளி மாவட்டங்கள் இருப்பதாக அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2020இல் மதிப்பிட்டது. பள்ளிகளின் கணக்கில் அது ஏறத்தாழ 36,000.

கூரைத் தட்டிகளைக் கழற்றி, ஆஸ்பெஸ்டாஸை அகற்ற அறைகளை மூடி முத்திரையிட்டிருக்கும் இந்த நேரம்தான் காற்றுக் குழாய்களைப் பதிக்க மலிவான நேரம். பிற்பாடு என்றால் அதே கூரையை மறுபடியும் பிரிக்க வேண்டும். அதே பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கு மறுபடியும் கூலி கொடுக்க வேண்டும். ஆய்வகத்தையும் இதிலிருந்து பிரிக்க முடியாது. வேதியியல் ஆய்வகத்தின் புகைப்போக்கி வெளியேற்றுகிற காற்றுக்கு ஈடாகப் புதிய காற்று உள்ளே வந்தாக வேண்டும். கருவிகளை மாற்றாமல் விட்டால் அந்த இரண்டு ஆய்வகங்களையும் நாளைக்கு நினைத்தாலும் நவீனமாக்க முடியாது. மைதானத்தின் செயற்கைப் புல்லையோ பத்து ஆண்டுகளை ஒட்டி எப்படியும் உரித்து மாற்றத்தான் வேண்டும். அதைத் தள்ளிப்போடுவதால் எந்தச் சுவரையும் இரண்டாம் முறை உடைக்க நேராது.

ஆஸ்பெஸ்டாஸ் 'எதிர்பாராதது' என்ற சொல்லையும் சற்று நிதானமாகப் பாருங்கள். 1986ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளியும் ஆஸ்பெஸ்டாஸ் மேலாண்மைத் திட்டம் வைத்திருக்க வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வு செய்ய வேண்டும். பெற்றோர் கேட்டால் காட்ட வேண்டும். சுவருக்குள் மறைந்திருப்பது அதில் இல்லாமல் போகலாம் என்பது உண்மைதான். இருந்தாலும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பதில்: டெக்சாஸ் தந்தை

மைதானம் என்றதும் எங்கள் மாநிலத்தின் ஆலன் நகரம் நினைவுக்கு வருகிறது. 2009இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட 11.9 கோடி டாலர் கடனில் ஏறத்தாழ 6 கோடி டாலரைச் செலவிட்டுப் பள்ளிக்கான அமெரிக்கக் கால்பந்து அரங்கம் கட்டினார்கள். 2012இல் திறந்தார்கள், கான்கிரீட்டில் விரிசல் கண்டு 2014இல் மூடினார்கள், 2015இல்தான் மறுபடி திறந்தார்கள். 2019இல் வந்த சட்டத்தால், பெரிய அரங்கம், நீச்சல் குளம் போன்றவற்றை இப்போது வாக்குச்சீட்டில் தனிக் கேள்வியாகவே வைக்க வேண்டும். வகுப்பறையோடு சேர்த்துக் கட்டி விற்க முடியாது.

ஆனால் கலையரங்கத்தை ஆடம்பரம் என்று மேடையில் பேசாதீர்கள். இசைக் குழுவுக்காகவும் நாடகத்துக்காகவுமே பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் உண்டு. அவர்களுடைய பெற்றோரையும் உங்கள் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி கேட்டவர்: பாஸ்டன் மேற்கு

மிக்க நன்றி. கட்டடக் குழுவின் கூட்டக் குறிப்புகளைத் தேடிப் படித்தேன். மைதான வேலைக்குத் தனி ஒப்பந்தம் முன்பே கையெழுத்தாகிவிட்டதால்தான் அதைத் தொடவில்லை என்று ஒரு வரி இருக்கிறது. இதன் பிறகு கேட்பதற்கு ஏதாவது இருக்கிறதா?

பதில்: வரவு செலவு

நிச்சயமாக இருக்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தாவது வேறு, வேலையைத் தொடங்க உத்தரவு கொடுப்பது வேறு. உத்தரவு கொடுத்தாயிற்றா, இன்று நிறுத்தினால் ஒப்பந்ததாரருக்கு எவ்வளவு ஈடு தர வேண்டும், பழைய பகுதியின் காற்றோட்டத்தைப் பிற்பாடு செய்தால் இன்றைய விலையைவிட எவ்வளவு கூடும் என்று கேளுங்கள். அந்த இரண்டு தொகைகளையும் அடுத்த கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மூன்று நிமிடம் தாராளமாகப் போதும்.