ஈஸ்டர் முட்டைக்கு நீல நிறம் வர என்ன செய்யலாம்?

ஏற்காடு, சேலம் மக்களே, ஒரு உதவி. ஈஸ்டருக்குச் சண்டே ஸ்கூல் பிள்ளைகளோடு முட்டைக்குச் சாயம் போடப் போகிறோம். அப்புறம் உரித்துச் சாப்பிடுவார்கள் என்பதால் கடைச் சாயம் வேண்டாம். நாமக்கல் வெள்ளை முட்டைதான்; நாட்டுக்கோழி முட்டையில் வெளிர் நிறம் எடுபடாது.

வெங்காயச் சருகைக் கொதிக்கவிட்டு, கொஞ்சம் வினிகர் சேர்த்தால் அசல் செங்கல் நிறம், ஓட்டில் கெட்டியாகப் பிடிக்கிறது. மஞ்சளுக்கு மஞ்சள்தூள். சிக்கல் நீலம்தான். ஊதா முட்டைக்கோஸ் வேகவைத்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டுமாம். அந்தக் கோஸ் இங்கே மலையில் கண்ணில் படவில்லை. சேலம் உழவர் சந்தையில் கிடைக்குமா? இல்லை, சங்குப்பூ போதுமா? வினிகர் பட்டால் அது ஊதாவாக மாறிவிடுமே!

இன்னொன்று: மெழுகுவத்தியால் சிலுவை வரைந்து முக்கினால் கோடு வெள்ளையாக நிற்கும். சாயம் எவ்வளவு ஆறியிருக்க வேண்டும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.