மூன்றாவது சிலிண்டர் குடித்த எண்ணெய்

ரங்கூன், பொட்டத்தாங்:

பிரித்துப் புதிதாகக் கட்டிய இஞ்சின் எண்ணெய் குடிக்கிறது என்று வண்டி ஓட்டும் நம்மில் பலர் புலம்பிவிட்டோம். என் கதையையும் எழுதிவிடுகிறேன். பணம் போனாலும் பாடமாவது மிஞ்சட்டும்.

வண்டி டொயோட்டா ப்ராபாக்ஸ், 1,500 சி.சி. நான்கு போரையும் (சிலிண்டரின் உள்துளை) கடைந்து, 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனும் அதைச் சுற்றிப் புது ரிங்கும் போட்டுக் கட்டினார்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டரிலேயே எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் காய்ந்துவிட்டது. "ரிங் போரோடு பொருந்தி உட்கார நாளாகும், பொறுங்கள்" என்றார் பட்டறை சயா, அதாவது மேஸ்திரி. பொறுத்தேன். மூவாயிரம் ஓடியும் அதே கதைதான். 700 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் போய்க்கொண்டிருந்தது. மீட்டர் கிலோமீட்டர் காட்டுகிறது, நாமோ மைல் பேசுகிறோம். நான் சொல்லும் 700 எந்தக் கணக்கு என்பதிலேயே பட்டறையில் அரைமணி நேரம் வாக்குவாதம். அன்றுதான் ஒரு நோட்டு வாங்கினேன். காலையில் இஞ்சின் சூடேறும் முன், வீட்டு வாசலில் அதே சமதரையில் நிறுத்தி அளவு பார்த்து, மீட்டரையும் ஊற்றிய எண்ணெயையும் எழுதி வைத்தேன். தயவுசெய்து இதை முதல் நாளே செய்யுங்கள். "நிறையக் குடிக்கிறது" என்ற பேச்சை எந்தப் பட்டறையும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஒழுக்கு இருக்குமோ என்று இரவில் வண்டியடியில் அட்டையை விரித்தேன். காலையில் ஒரு சொட்டுகூட இல்லை. நிறுத்தி ஓடவிட்டால் புகையும் இல்லை. புகையைக் கண்டுபிடித்தது என் மச்சான். 1970 டிசம்பர் முதல் நம் பர்மாவில் வலப்பக்கம் ஓட்டுகிறோம், ஆனால் ஜப்பான் வண்டியில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தானே. லாரியை முந்துவதென்றால் இடப்பக்கம் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். சிரியம் பாலம் ஏறும்போது அப்படி எட்டிப் பார்த்தவன், பின்னால் திரும்பி, "மச்சான், நம் வண்டியா இப்படிப் புகைகிறது?" என்றான். ஆக்ஸிலேட்டரை அழுத்திச் சுமை ஏற்றினால் மட்டும் நீலப்புகை.

இங்கேதான் நாங்கள் வழி தவறினோம். கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை, அளந்தோம். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு. பிளக் ஓட்டை வழியே ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தும் முள் பெரிதாக ஏறவில்லை. ரிங் கசிந்தால் அந்த எண்ணெய் கசிவை அடைத்து முள்ளை ஏற்றியிருக்கும். "ரிங்கில் குற்றமில்லை, வால்வ் சீல்தான்" என்று சயா தீர்ப்புச் சொல்ல, இஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி, வால்வ் தண்டு வழியே எண்ணெய் இறங்காமல் தடுக்கும் எல்லா சீலையும் மாற்றினோம். புது கேஸ்கட், கூலி, மூன்று நாள் சவாரி நட்டம். எண்ணெய் குடித்த அளவில் ஒரு சொட்டும் குறையவில்லை.

அதன்பின் இஞ்சினுக்குள் தங்கும் ஆவியை வெளியே இழுக்கவிடும் பி.சி.வி. வால்வைக் கழற்றிக் குலுக்கினேன். கலகலத்தது. ஊதிப் பார்த்தேன். ஒரு திசையில்தான் காற்று போனது. அது நல்லது. கடைசியாகத்தான் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் வரிசை மாறாமல் துணிமேல் வைத்தேன். முதலில் செய்திருக்க வேண்டிய வேலை, காசும் செலவில்லை. மூன்று பிளக் வறண்ட பழுப்பு. மூன்றாம் சிலிண்டருடையது மட்டும் ஈரக் கறுப்பு.

ஹோனிங் (போரின் உட்சுவரைக் கல்லால் தேய்ப்பது) சரியில்லை, ரிங் இன்னும் உட்காரவில்லை என்றால் நான்கும் கொஞ்சமாவது நனைந்திருக்கும். ஒன்று மட்டும் நனைந்தால் அந்த ஒன்றில் கை தவறியிருக்கிறது. இஞ்சினை மறுபடி இறக்கினோம். மூன்றாம் பிஸ்டனின் தலை விளிம்பு விரலகலத்துக்குக் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தது. மற்ற மூன்றிலும் விளிம்புவரை வறண்ட கரி. கீழிருந்து ஏறிய எண்ணெய் கரியைக் கழுவியிருக்கிறது. சீல் மாற்ற ஹெட்டைத் தூக்கிய நாளிலும் இந்தப் பிஸ்டன் தலைகள் எங்கள் கண்முன்தான் இருந்தன! ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

ஆயில் ரிங் என்பது மூன்று துண்டு. மேலும் கீழும் இரண்டு மெல்லிய தகடு, நடுவில் அவற்றை விரித்துத் தள்ளும் நெளிவளையம். அதன் இரு முனையும் முட்டி நிற்க வேண்டும். என் மூன்றாம் பிஸ்டனில் ஒரு முனை மற்றதன்மேல் ஏறிக் கிடந்தது. அதனால் தகடுகளுக்குப் போரை அழுத்தும் வலு இல்லை, எண்ணெயை வழிக்கவும் இல்லை. கம்ப்ரஷனைப் பிடிப்பது மேலே உள்ள இரண்டு ரிங். அவை நன்றாக இருந்ததால் அளவுகோல் எங்களுக்கு நற்சான்று கொடுத்துவிட்டது. பல நெளிவளையங்களில் முனைகளுக்கு இரண்டு வண்ணம் பூசியிருப்பார்கள். இரண்டு வண்ணமும் கண்ணுக்குத் தெரிந்தால் முனை ஏறவில்லை என்று பொருள். கட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். சயா முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மோல்மேன்:

என் கொரோலாவில் நேர்மாறு. இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் எடுத்தால் பொட்டலமாக ஒரு நீலப்புகை, பிறகு சுத்தம். மேட்டில் ஏறினாலும் புகையில்லை. அது வால்வ் சீல்தான். புது சீலேதான், ஆனால் மாட்டும்போது வால்வ் தண்டின் நுனியை மூடாமல் அழுத்தியிருக்கிறார்கள். வால்வ் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் லாக் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு ரப்பரைக் கிழித்துவிட்டது. இரண்டாம் முறை சாதாரணப் பிளாஸ்டிக் குழாயை நுனியில் செருகி மாட்டியதும் தீர்ந்தது.

பெகு:

எனக்கு நான்கு பிளக்கும் ஒன்றுபோல் நனைந்தன. ஹோனிங் முடிந்ததும் போரைப் பெட்ரோலால் துடைத்தே கட்டியிருந்தார்கள். கல்தூள் பெட்ரோலில் போகாது. சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். கூடவே என் தவறும் உண்டு. புது இஞ்சினாயிற்றே என்று பயந்து இரண்டு வாரம் உருட்டியே ஓட்டினேன். சுமை ஏறினால்தான் ரிங் போரை அழுத்தி உட்காரும். என் போர் கண்ணாடியாக மழுங்கிவிட்டது. மறுபடி ஹோனிங், மறுபடி ரிங்.

தவோய்:

இவ்வளவு பிரிப்பானேன்? கெட்டியான 20W-50 எண்ணெய் ஊற்றினால் போதாதா?

ரங்கூன், பொட்டத்தாங்:

அண்ணா, நானும் ஊற்றினேன். 700 போய் 850 ஆனது, அவ்வளவுதான். தேய்ந்த கிழட்டு இஞ்சினை இன்னும் ஓராண்டு இழுக்க வேண்டுமானால் ஊற்றுங்கள், குற்றம் சொல்ல மாட்டேன். புதிதாகக் கட்டியதில் ஊற்றினால் நோயை மூடி வைக்கிறோம். எரியும் எண்ணெய் சைலன்சர் பக்கம் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்டையும் கெடுக்கும்.

பெகு நண்பர் சொன்ன வெந்நீர்க் கழுவலை இரண்டாம் முறை கட்டியபோது நானே செய்தேன். மூன்று துணி கறுத்தது, நான்காவது வெள்ளையாக வந்தது. கட்டி முடித்து நேற்றோடு 2,400 கிலோமீட்டர். நோட்டில் "ஊற்றியது" என்ற கட்டம் காலியாகவே இருக்கிறது, டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. அந்த நெளிவளையத்தை வண்டிக்குள் போட்டு வைத்திருக்கிறேன். பையன்களுக்குக் காட்ட வேண்டும் என்று சயாவே கேட்டிருக்கிறார். சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.