ஏற்காட்டு வீடு: திண்ணை லைட்டிலிருந்து பின்பக்கத்துக்கு இன்னொரு லைட் இழுக்கலாமா?

கேள்வி (மலைவீடு):
ஏற்காட்டில் எங்கள் பாட்டி வீடு, வயரிங் ரொம்பப் பழசு. குளியலறை பின்பக்கம் தனியாக இருக்கிறது. பனிமூட்டம் இறங்கினால் சாயங்காலமே படி தெரியாது, போன வாரம் அம்மா வழுக்கி விழுந்துவிட்டார். அங்கே 9 வாட்ஸ் எல்இடி ஒன்று மாட்ட வேண்டும். திண்ணை லைட் ஹோல்டரிலிருந்தே இரண்டு வயர் இழுத்தால் போதுமா? அப்புறம், அந்தத் திண்ணை பல்பு அணைத்த பிறகும் ராத்திரியில் மங்கலாக மினுங்குகிறது, அது எதனால்?

சேலம் வயர்மேன்:
தம்பி, லோடு பிரச்சினையே இல்லை, 9 வாட்ஸ் என்பது 0.04 ஆம்பியர்தான். ஆனால் அந்த மினுங்கலை முதலில் பாருங்கள். சுவிட்சில் இண்டிகேட்டர் (குட்டி விளக்கு) இருந்தாலும் மினுங்கும். அது இல்லையென்றால், சுவிட்சை பேஸில் (கரண்ட் வருகிற வயரில்) போடாமல் நியூட்ரலில் (கரண்ட் திரும்புகிற வயரில்) போட்டிருக்கலாம். அப்படியானால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும், ஈரக்கையோடு பல்பு மாற்றுகிறவர் கதி என்ன? வயர்மேனைக் கூப்பிட்டு டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹோல்டரிலிருந்து இழுத்தால் இரண்டு லைட்டும் ஒன்றாகத்தான் எரியும். போர்டில் பிளக் பாயின்ட் இருந்தால் நியூட்ரல் அங்கேயே கிடைக்கும், பேஸை மட்டும் புது சுவிட்ச் வழியாகக் கொண்டுபோகலாம். 1 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், பிவிசி பைப்புக்குள். எர்த் வயரையும் சேர்த்தே இழுத்துவிடுங்கள்.

கோரிமேட்டுக்காரர்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மெயினை இறக்கினாலும் லைட் லைனில் கரண்ட் இருக்கும், அதையும் அணைக்க வேண்டும். டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். நியூட்ரலையும் பேஸ் வருகிற அதே சர்க்யூட்டிலிருந்து எடுங்கள். எங்கள் வீட்டில் பக்கத்து அறை நியூட்ரலைக் கடன் வாங்கினோம், அந்த லைட்டைப் போட்டாலே ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆகிவிட்டது. வெளியே மாட்டுவதால் தண்ணீரும் தூசியும் புகாத ஐபி65 ஃபிட்டிங் வாங்குங்கள், ஜாயின்ட்டை வெறும் டேப் சுற்றி விடாமல் மூடி உள்ள பாக்ஸுக்குள் வையுங்கள்.

மலைவீடு:
இன்று வயர்மேன் வந்து பார்த்தார். சுவிட்ச் நியூட்ரலில்தான் இருந்தது, மாற்றியதும் மினுங்கல் நின்றுவிட்டது. திண்ணை வயரை வளைத்ததும் மேல்தோல் அப்பளம் மாதிரி உதிர்ந்தது, அதனால் போர்டிலிருந்து அதையும் புதிதாக இழுத்துவிட்டோம். பின்பக்க லைட்டுக்குத் தனி சுவிட்ச், சமையலறைக் கதவை ஒட்டி, அம்மா கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்திருக்கிறோம். இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க.