சைக்காலஜி லைசென்ஸும் ஸ்பானிஷும்: லாஸ் ஏஞ்சலிஸுக்குப் புதிதாக வந்தவருக்கு

சென்னையில் எம்.ஃபில். முடித்து ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவோடு வந்திருக்கும் சகோதரிக்கு. அதிர்ச்சிக்கு ஆளான லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களோடு வேலை செய்ய வழி கேட்டிருந்தீர்கள். முதலில் கசப்பைச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பதிவை வைத்து கலிபோர்னியாவில் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட முடியாது. முனைவர் பட்டம் வேண்டும். மேற்பார்வையில் 3000 மணி நேரம், அதில் பாதியாவது பட்டத்துக்குப் பிறகு. அப்புறம் தேர்வுகள். பி.எச்.டி.க்குப் பெரும்பாலும் உதவித்தொகை உண்டு, இடம்தான் குதிரைக்கொம்பு. சை.டி. (PsyD) என்கிற, சிகிச்சைப் பயிற்சியை மையமாகக் கொண்ட முனைவர் படிப்பில் இடம் கிடைக்கும், கடனும் சேர்ந்தே கிடைக்கும்.

நான் எடுத்தது எம்.எஸ்.டபிள்யூ. வழி, அதாவது சமூகப் பணி முதுகலை. இரண்டு வருடப் படிப்பு, பிறகு எல்.சி.எஸ்.டபிள்யூ. (சிகிச்சை தரும் சமூகப் பணியாளர்) லைசென்ஸுக்கு அங்கேயும் 3000 மணி நேரம். சிகிச்சை கொடுக்க அது போதும். எச்-1பி வேலை விசாக்காரரின் துணைவராக எச்-4 விசாவில் வந்தீர்களா? படிக்கலாம், ஆனால் வேலை அனுமதி இல்லாமல் சம்பளம் வாங்கக் கூடாது. அந்த 3000 மணி நேரக் கணக்கு அங்கேதான் இடிக்கும்.

இதையெல்லாம் விட முக்கியம் ஸ்பானிஷ். ஆப்பில் கற்றுக்கொண்டு போய், எல் சால்வடோர் பாட்டி ஒருவரை 'தூ' (நீ) என்று கூப்பிட்டேன். நம் ஊரில் முன்பின் தெரியாத பாட்டியை "நீ உட்காரு" என்பது மாதிரி. 'உஸ்தெத்' (நீங்கள்) என்றிருக்க வேண்டும். அன்று முழுக்க ஆமாம், இல்லை என்று மட்டுமே பதில் வந்தது.

இன்னொரு அம்மா, மகனுக்கு 'சுஸ்தோ' என்றார். பயந்ததில் ஆன்மா உடம்பை விட்டுப் போய்விட்டதாம். மூலிகைக் கொத்தால் தடவி, முட்டையால் சுற்றி எடுத்தார்களாம். கூட இருந்த அமெரிக்கச் சக ஊழியர் விழித்தார். எனக்கு வேப்பிலையும் மந்திரிப்பும் ஞாபகம் வந்தன. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடான டி.எஸ்.எம்.-5 கூட சுஸ்தோவைக் குறிப்பிடுகிறது. "செய்த பிறகு தூங்கினானா?" என்று கேட்டேன். அதற்கப்புறம்தான் அந்த அம்மா நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

குவாத்தமாலாவிலிருந்து வருபவர்களில் பலருக்கு மாம், கிச்சே போன்ற மாயா மொழிகள்தான் தாய்மொழி, ஸ்பானிஷே தடுமாறும். அதற்காகப் பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். தனக்கு நேர்ந்ததைத் தன் மகன் வாயால் எந்தத் தாய் சொல்ல வைப்பாள்?

உங்கள் விசா எது, எவ்வளவு நாள் என்று எழுதுங்கள். எந்த வழி ஒத்துவரும் என்று பார்க்கலாம்.