சிப்பிப்பாறை நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ்: ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

செல்லூர்வாசி:
எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறைக்கு ஆறு வயது, குட்டி போட்டதில்லை. போன மாதம் ஹீட் (இணை சேரும் பருவம்) வந்து போனது. இப்போது சாப்பாட்டைத் தொடுவதே இல்லை, தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருக்கிறாள், பின்பக்கம் பழுப்பாக வடிகிறது, ஒரே நாற்றம். ஸ்கேன் பார்த்த டாக்டர், கர்ப்பப்பையில் சீழ் கோத்திருக்கிறது, நாளைக்கே எடுத்துவிடணும் என்கிறார். அப்பாவோ, "ஒல்லி நாய், மயக்க மருந்து தாங்காது, மாத்திரை கொடுத்துப் பார்ப்போம், ஆடி கழியட்டும்" என்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன செய்யலாம்?

திருமங்கலம் அக்கா:
தம்பி, ஆடி கழியும் வரைக்கும் அவள் தாங்க மாட்டாள். ஹீட் முடிந்து சில வாரங்களில்தான் இது வரும், அந்த நேரத்தில் சுரக்கிற புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துவிடும், கிருமி உள்ளே போனால் தங்கிப் பெருக அதுவே தோதாகிவிடும். அதன் விஷம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தொடுவதால்தான் இவ்வளவு தாகம். வடிவது நின்றால் குணமாகிவிட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், கர்ப்பப்பையின் வாய் மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தேங்கி வெடிக்கவும் கூடும். மருந்திலேயே பார்ப்பதும் உண்டுதான், ஆனால் அது குட்டி எடுக்க வைத்திருக்கிற நாய்களுக்கு, அதுவும் அடுத்த ஹீட்டில் திரும்ப வரலாம். ஆறு வயதில், இந்த நிலைமையில், ஆபரேஷன்தான் வழி.

கிளினிக் உதவியாளர்:
அப்பா பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் வேட்டை நாய்கள், உடம்பில் கொழுப்பு குறைவு. தயோபென்டோன் மாதிரி பழைய மயக்க மருந்துகளைக் கொடுத்தால் இந்த மாதிரி ஒல்லி நாய்கள் தெளிய நேரமாகும். புரோபோஃபால் ஊசியும் ஐசோஃப்ளூரேன் வாயுவும் வைத்துச் செய்கிற இடமாக இருந்தால் அந்தக் கவலை பெரும்பாலும் தீரும், டாக்டரிடம் நேராகவே கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், போர்வை கொண்டுபோங்கள்.

அதைவிட முக்கியம் ரத்தப் பரிசோதனை. நம்ம ஊரில் உண்ணிக் காய்ச்சல் அதிகம், அதில் தட்டணுக்கள் குறைந்திருந்தால் அறுக்கும்போது ரத்தம் நிற்காது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் டிரிப்ஸ் ஏற்றி, ஆன்டிபயாடிக் போட்டு, கொஞ்சம் தெம்பாக்கிவிட்டுத்தான் மேசையில் ஏற்ற வேண்டும். ஆனால் அந்தத் தெம்பாக்குவது மணிக்கணக்கில் முடிகிற வேலை, வாரக்கணக்கில் இழுக்கிறது இல்லை.

செல்லூர்வாசி:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணே. நீங்கள் எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன், சரி என்றுவிட்டார். இப்போதே ரத்தம் எடுக்கக் கிளம்புகிறோம். செலவுதான் கொஞ்சம் இடிக்கிறது. அப்புறம் வீட்டுக்கு வந்தபின் எப்படிப் பார்த்துக்கொள்வது?

மேலூர் மாமா:
செலவு இடித்தால் மதுரை தல்லாகுளம் அரசு கால்நடைப் பன்முக மருத்துவமனையில் கேளுங்கள், முதலில் போன் போட்டு இன்றைக்கே ஆபரேஷன் முடியுமா என்று விசாரித்துவிட்டுப் போங்கள், நாயை வைத்துக்கொண்டு அலையக் கூடாது. அங்கே இடமில்லை என்றால் இருக்கிற இடத்திலேயே முடித்துவிடுங்கள், தவணையில் வாங்கிக்கொள்கிற டாக்டர்கள் உண்டு.

வீட்டுக்கு வந்ததும் கழுத்தில் கூம்பு காலரைக் கழற்றவே கழற்றாதீர்கள். பாவமாகத்தான் இருக்கும், ஆனால் நக்கினால் தையல் பிரிந்துவிடும். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும், அதுவரை மாடிப்படி, ஓட்டம், குளிப்பாட்டுவது எதுவும் வேண்டாம், வெளியே போனாலும் கயிற்றில் பிடித்தேதான். புண்ணில் மஞ்சளோ வேப்பெண்ணெயோ தடவாதீர்கள். வலிக்கிறதே என்று நம் வீட்டு மாத்திரையைக் கொடுக்கவே கூடாது, ஐபுபுரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். வீட்டில் பூனை இருந்தால் அதற்கும் சேர்த்தே சொல்கிறேன், பாராசிட்டமால் பூனையைக் கொன்றேவிடும். ஈறு வெளுத்தாலோ, வயிறு உப்பினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ ராத்திரி எத்தனை மணியானாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள்.